சிவப்புத் தெரியாத கமரா

என்னுடைய இருபத்திரண்டாவது வயதில், கண்டி நகரத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. கண்ணால் கண்டிராத மனிதர்களுக்கு நிறம் பூசுவது. இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். முப்பதுகளின் தொடக்கத்தில் அது மரியாதையான தொழில். கமராவுக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும். ஆட்களுக்கோ சுவரில் தங்களைக் கலரில் பார்க்க ஆசை. நடுவிலிருந்த அந்தப் பள்ளத்தை நான் ஒரு தூரிகை, கொஞ்சம் பஞ்சு, பத்துப் பன்னிரண்டு சாயக் குப்பிகள், இவற்றை வைத்துக்கொண்டு நிரப்பினேன்.

ஸ்டூடியோ திருகோணமலை வீதியில் ஒரு மாடியில் இருந்தது. முதலாளி யாழ்ப்பாணத்தவர். கடவுளைப் பற்றிக்கூட அவரோடு வாதம் பண்ணலாம், கமராவைப் பற்றிப் பண்ண முடியாது. படம் பிடிப்பது அவர், நிறம் பூசுவது நான். முன்னறையில் ஆட்கள் வந்து இருந்து, சிரிக்காமல் மூச்சை அடக்கி, படம் பிடித்துப் போவார்கள். நான் பின்னறையை விட்டு வெளியே வருவதில்லை. முதலாளி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார்: "சேலை நீலம். பூ மஞ்சள். கதிரை கபிலம்." அதைப் பார்த்து நான் பூசுவேன். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. நான் நிறம் கொடுத்த ஆட்கள் வீதியில் என்னை உரசிக்கொண்டு போயிருப்பார்கள். எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

என் வாப்பா கொழும்பு வீதியில் துணிக்கடை வைத்திருந்தார். என் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்ன மகன் இது? உயிருள்ளத வரையிறது நமக்கு ஆகுமா?"

"நான் வரையல்ல வாப்பா. கமரா வரைஞ்சதுக்குச் சாயம்தான் பூசுறன்."

இந்தப் பதிலில் எங்கேயோ ஒரு ஓட்டை இருப்பது அவருக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. அதனால் அவர் என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டு முறைப்பதோடு விட்டுவிட்டார்.

கமராவின் குணத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். முதலாளி வாங்கி அடுக்கி வைத்திருந்த கண்ணாடித் தகடுகள் பழைய ரகம். அவற்றுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பைக் கண்டால் கறுப்பாக்கிவிடும். இலைப் பச்சையும் அப்படியே. நீலத்தைக் கண்டால் வெள்ளை. ஒரு தடவை நீலச் சேலை கட்டி வந்த ஓர் அம்மா, படத்தில் வெள்ளைச் சேலையோடு நின்றார். பக்கத்தில் புருஷன் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிறம் பூசுவதற்கு முன்பே அந்தப் படத்தை எட்டிப் பார்த்துவிட்ட மனுஷன் போட்ட சத்தம் வாவிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். "நான் இன்னும் சாகல்லைங்க!" என்று நெஞ்சில் தட்டித் தட்டிச் சொன்னார். நான் அவசரமாக நீலம் பூசி அவரை உயிர்ப்பித்துக் கொடுத்தேன்.

சீட்டு இருக்கும்வரை இதிலெல்லாம் ஆபத்தில்லை. சீட்டு இல்லாமல் போனதுதான் கதை.

ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு பெரிய கங்காணி இருந்தார். தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர். துரைக்கு அடுத்த சொல் அவருடையது. அவருடைய மகளுக்குக் கண்டி டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பரிசம் போட்டாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பட்டுச் சேலையும் அனுப்பிவிட்டார்கள். அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு பெண் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். உடுத்தி நின்றால் சம்மதம். உடுத்தாவிட்டால் வேறு அர்த்தம்.

வழக்கம் நல்ல வழக்கம்தான். ஆனால் மாப்பிள்ளையின் தாயாருக்கு மலைப்பாதை பஸ் ஒத்துக்கொள்ளாது. பெண் பார்க்க இரண்டு தடவை போய் வந்ததிலேயே வழிநெடுக வாந்தி. மூன்றாம் தடவை போனால் தன்னைத் திரும்ப எதிர்பார்க்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். பெரிய கங்காணி யோசித்தார். நாகரிகமான மனுஷன். பெண் சேலை உடுத்தி நிற்பதைப் படம் பிடித்து, கலர் போட்டு, நேரே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிடச் சொன்னார். எங்கள் முதலாளி கமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு ஹேவாஹெட்ட போனார்.

திரும்பி வந்தபோது மழையில் குளித்து வந்தார். தகடுகள் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. கோட்டுப் பையிலிருந்த சீட்டு கூழாகிப் போயிருந்தது. மையெல்லாம் கரைந்து, ஊதா நிறத்தில் ஒரு உருண்டை. அதை மேசையில் வைத்தார். இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தோம்.

"சேலை என்ன நிறம் முதலாளி?"

"எனக்கென்னெண்டு தெரியும்? பக்கத்தில நிண்ட ஆரோ சொல்ல எழுதினது. கமராக் கண்ணாடியில எல்லாம் தலைகீழாத்தானே தெரியும். தலைகீழா நிக்கிற பிள்ளையின்ர சேலை நிறத்தை ஆர் பாக்கிறது?"

"கங்காணிக்கு எழுதிக் கேட்போமா?"

"விசர்க் கதை கதையாதையும். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அண்டைக்குப் படம் போகவேணும். நீர் துணிக்கடைக்காரன்ர மகன்தானே? பாத்தாத் தெரியாதோ?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு ஒரு தபால் அட்டை எழுதியிருக்க வேண்டும். செய்யவில்லை. துணிக்கடைக்காரனின் மகன் என்று சொன்னதும் எனக்குத் தலை கனத்துவிட்டது. அச்சுப் போட்ட படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். சேலை கடும் கறுப்பாக வந்திருந்தது. அப்படியானால் சிவப்பு, அல்லது பச்சை. கரையில் சரிகை மாங்காய். நான்கு விரல் அகலம். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இந்தக் கரையை எனக்குத் தெரியாதா? இதே மாங்காய், இதே அகலம், வாப்பா கடை அலுமாரியில் நான் பிறந்த நாளிலிருந்து பார்த்து வருகிறேன். அது பச்சையில்தான் வரும்.

"பச்சை" என்றேன்.

"ஓம், இப்ப எனக்கும் ஞாபகம் வருது. பச்சைதான்" என்றார் முதலாளி.

அவ்வளவு அழகாக நான் எந்தச் சேலைக்கும் பூசியதில்லை. மடிப்புக்கு மடிப்பு பச்சையை ஏற்றி இறக்கினேன். வெள்ளிக்கிழமை காலையில் படம் சட்டம் போட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது.

சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் படத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். நல்ல கட்டையான, அகலமான மனிதர். வாய் நிறைய வெற்றிலை. கழுத்தில் சிவப்புத் துண்டு. படத்தைக் கதிரையில் சாய்த்து வைத்தார்.

"இது என்னா கலருங்க?"

"பச்சை" என்றார் முதலாளி.

"நாங்க அனுப்புனது அரக்குச் செவப்பு. இப்ப சொல்லுங்க. எங்க சேலைய வேண்டாம்னு சொல்றாங்களா? இல்ல, வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்களா? எங்க அக்கா நேத்துலேருந்து சோறு தின்னல."

நான் பின்னறையிலிருந்து வெளியே வந்து, சேலை பச்சை இல்லை, அது என்னுடைய பிழை என்று சொல்லத் தொடங்கினேன். முதலாளி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். நான் மிதி வாங்கிக்கொண்டே சொல்லி முடித்தேன். கமராவுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகத்தான் வரும், அதைப் பார்த்து நான்தான் பச்சை என்று நினைத்தேன் என்றேன்.

தாய்மாமன் என்னையும் கமராவையும் மாறிமாறிப் பார்த்தார். "இவ்வளவு பெரிய கண்ண வச்சிக்கிட்டு செவப்புத் தெரியாதா?"

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாரும், இந்தக் கதிரையில இரும்" என்று அவரைப் பிடித்து உட்கார வைத்தார். சிவப்புத் துண்டை ஒழுங்காக விரித்து, வெற்றிலை மென்ற வாயைச் சற்றுத் திறந்து வைக்கச் சொல்லிப் படம் பிடித்தார். பின்னேரம் அச்சு காய்ந்தது. படத்தில் தாய்மாமனின் வாய் கரி தின்றவன் வாய்போல இருந்தது. கழுத்தில் இழவு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி ஒரு கறுப்புத் துணி. நெற்றிக் குங்குமம் துப்பாக்கிக் குண்டு துளைத்த இடம்போல் இருந்தது. மனிதர் அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

"நான் இப்படியா இருக்கேன்?"

"இல்லீங்க. அதத்தான் சொல்றோம்" என்றேன்.

நம்பிவிட்டார் என்று நினைத்தேன். அன்றிரவே உட்கார்ந்து இன்னோர் அச்சில் சேலையை அரக்குச் சிவப்பாகப் பூசி, திங்கட்கிழமை நானே கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றேன். தாய்மாமன், தான் திருப்பிக் கொண்டுபோயிருந்த பச்சைப் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, வெள்ளிக்கெழம பச்சையா இருந்திச்சு. நீ சாயம் பூசுன. திங்கக்கெழம செவப்பா இருக்கு. அதுவும் நீதான் பூசுன. நாளைக்கு வந்து மஞ்சளா வேணும்னா பூசிக் குடுப்பியா மாட்டியா?"

"குடுப்பேன். ஆனா…"

"அப்ப இதுல எது நெசம்?"

இன்றுவரைக்கும் அதற்குச் சரியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. என் தொழிலை அடியோடு பிடுங்கிப் போட்ட கேள்வி அது, அதைக் கேட்டது பருப்பு நிறுக்கிற ஒரு மனிதர். அவரே முடிவும் சொன்னார். பெண் வீட்டாருக்கு, படம் பச்சையாக வந்திருக்கிறது, எங்கள் சேலை எங்கே என்று சனிக்கிழமையே கடிதம் எழுதிப் போட்டுவிட்டாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சேலையோடு ஸ்டூடியோவுக்கு வரட்டும். சேலையையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒத்து வந்தால் கல்யாணம். இல்லாவிட்டால் பரிசம் போட்டதை மறந்துவிடலாம்.

அன்று வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் கேட்டேன். "மாங்காக் கரைப் பட்டு பச்சைல மட்டும்தானே வரும் வாப்பா?"

"ஆரு சொன்ன? செவப்புலயும் வரும். செவப்பு வந்த கெழமையே வித்துப் போகும். பச்சையத்தான் ஒருத்தரும் வாங்குறல்ல. அதான் ஒனக்கு அத மட்டும் தெரியும்."

விற்காமல் கிடந்த சரக்கைப் பார்த்துத்தான் நான் துணி படித்திருக்கிறேன். சாப்பிடாமல் போய்ப் படுத்தேன். எங்கேயோ மலையில் ஒரு பெண்ணின் வாழ்க்கை என்னுடைய துணிக்கடை மேதாவித்தனத்தில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று நினைக்க நினைக்க என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரே ஆறுதல், சேலை சிவப்பு. அது வந்தவுடன் எல்லாம் நேராகிவிடும். திருப்பிக் கொண்டுவந்த சிவப்புப் படமும் என் கையில் தயாராக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி முன்னறையில் ஆறு கதிரை போட்டார். ஒரு பக்கம் மாப்பிள்ளையின் தாயாரும் தாய்மாமனும். மறுபக்கம் தலைப்பாகையும் கோட்டும் வெள்ளிப்பூண் பிரம்புமாகப் பெரிய கங்காணி, அவர் மனைவி, மகள். மகள் முந்தானையை இழுத்து முகத்தைப் பாதி மறைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கங்காணியின் மடியில் ஒரு துணிப் பொட்டலம். அவர் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. பரீட்சைக்கு எல்லாம் படித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

"சேலையக் காட்டுங்க" என்றார் தாய்மாமன்.

கங்காணி பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே இருந்தது சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. நாலு தரம் காய்ச்சிய தேயிலைச் சாயம், அதில் கொஞ்சம் சேறு. அப்படி ஒரு கபிலம்.

"இது என்னா கலரு?" தாய்மாமன் மெதுவாகத்தான் கேட்டார்.

"பச்சை."

"பச்சையா?"

"பச்சைதாங்க. கொஞ்சம் முத்திப் போச்சு."

பிறகு அவர் விளக்கினார். கடிதம் கிடைத்தது. படம் பச்சையாக வந்துவிட்டது என்று அதில் இருந்தது. வீட்டில் இருந்த சேலையோ சிவப்பு. படம் கண்டியில் மாப்பிள்ளை வீட்டுச் சுவரில் ஏறிவிட்டது. "ஏறுன படத்த எறக்குங்கன்னு சம்பந்தி வீட்டுல போயி சொல்ல முடியுங்களா? அது மரியாத இல்ல. படத்த மாத்த முடியாது. சேலைய மாத்தலாம்ல?" அதனால் ஆள் விட்டுப் பச்சைச் சாயப் பொடி வாங்கினார். பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினார். தோட்டத்து வண்ணானையும் இரண்டு ஆட்களையும் நிறுத்தி, தானே பிரம்போடு பக்கத்தில் நின்று, சிவப்புப் பட்டை பச்சைச் சாயத்தில் அரை நாள் கொதிக்க வைத்தார். கொழுந்து நிறுவையில் கூட அவர் அவ்வளவு கண்ணாக நின்றதில்லையாம். சிவப்புக்கு மேல் பச்சை ஏறினால் இரண்டும் செத்துப் போகும் என்பது தூரிகை பிடித்த எவனுக்கும் தெரியும். அண்டா பிடித்தவருக்குத் தெரியவில்லை.

என் கையில் சிவப்புப் படம். அவர்கள் கதிரையில் பச்சைப் படம். மேசையில் சேற்று நிறச் சேலை. இங்கே நான் படத்தைத் திருத்தினேன், அங்கே அவர் சேலையைத் திருத்தினார். இரண்டு பேரும் ஒழுங்காக வேலை செய்ததால்தான் எதுவும் எதோடும் ஒத்துப்போகாமல் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. அழ வேண்டிய இடம் என்பதும் தெரிந்தது.

மாப்பிள்ளையின் தாயார் எழுந்து வந்து சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரிகைக் கரையைத் தடவினார். "நான் எடுத்த சேலதான். இந்தக் கரைக்காகத்தான் எடுத்தேன்" என்றவருக்குக் கண் கலங்கியது. "எவ்வளவு நல்ல செவப்பு தெரியுமா?"

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். சேலை அவர்களுடையது, பெண் உடுத்தியிருக்கிறாள், யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. ஆனால் தாய்மாமன் ஒப்பிட்டுப் பார்க்க வந்தவர். ஒப்பிடாமல் போகமாட்டார். "அதெல்லாம் சரி. படத்தோட ஒத்து வரலையே? நாலு பேரு கேட்டா என்னா சொல்றது?"

அப்போது முதலாளி உள்ளே போய், நிறம் பூசாத ஒரு அச்சை எடுத்து வந்தார். நாங்கள் அச்சுகளைக் கழுவுகிற மருந்தில் கறுப்பு கொஞ்சம் பழுப்பாக இறங்கும். அந்தப் படத்தைச் சேலையின் பக்கத்தில் வைத்தார். அப்படியே ஒட்டிக்கொண்டது. சேலையில் என்ன சேறோ அதே சேறு படத்திலும். ஒரு இம்மி வித்தியாசம் இல்லை.

தாய்மாமன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், ஜன்னலைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இதுதான் சரியான படம்! இத மொதல்லயே குடுத்திருக்கலாம்ல?"

"ஓம், இதுதான் நான் பிடிச்ச படம். மற்றதெல்லாம் தம்பி செய்த வேலை" என்றார் முதலாளி வெட்கமே இல்லாமல்.

எனக்கு வந்த கோபத்துக்குக் குப்பிகளைத் தூக்கி அடித்திருப்பேன். அதற்குள் ஆண்கள் மூவரும் தேத்தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கிவிட்டார்கள். தாய்மாமனும் கங்காணியும் தோளில் கை போட்டுக்கொண்டு போனார்கள். நான் மேசையில் கிடந்த படங்களைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"நானா" என்றது ஒரு குரல். எங்கள் ஊரில் முஸ்லிம் ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் நிமிர்ந்தேன். கங்காணியின் மகள் எழுந்து மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முந்தானை முகத்தைவிட்டு விலகியிருந்தது. "சேலைக்கு ரெண்டு தடவ கலரு மாத்தினீங்க. என் மொகத்துக்கு ஒரு தடவயாச்சும் சரியான கலரு போட்டீங்களா?"

நான் படத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். பச்சைப் படத்திலும் சிவப்புப் படத்திலும் ரோஜாச் சிவப்பில் கன்னம் வைத்த ஒரு வெள்ளைக்காரப் பொம்மை நின்றுகொண்டிருந்தது. என் முன்னால் நின்றவள் கறுப்பு. நல்ல, மினுமினுப்பான கறுப்பு. என் மேசையில் 'முகம்' என்று எழுதி ஒட்டிய ஒரு குப்பி இருந்தது. எல்லா முகத்துக்கும் அதுதான். மூன்று வருஷத்தில் எந்தச் சீட்டிலும் முதலாளி முகத்தின் நிறம் எழுதியதில்லை. நான் கேட்டதும் இல்லை. வாங்கிப் போனவர்கள் ஒருவராவது திருப்பிக் கொண்டு வந்ததும் இல்லை.

அவளுடைய தாய் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் விடுவித்துக்கொண்டு மாப்பிள்ளையின் தாயார் பக்கம் திரும்பினாள். "அத்த, நீங்க ரெண்டு தடவ வந்து என்னையப் பாத்திருக்கீங்க. சேல மாறுனதக் கண்டுபுடிச்சீங்க. மொகம் மாறுனது தெரியலயா?"

அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "படத்துல கொஞ்சம் வெளுப்பா இருந்தா என்னா இப்ப? எல்லாருக்கும் அப்படித்தானே போடுறாங்க."

"அவரு இன்னும் என்னையப் பாக்கல. அந்தப் படத்தத்தான் ஒரு வாரமாப் பாத்துக்கிட்டு இருக்காரு. ஒரு சேலைக்கே இவ்வளவு விசாரண. கல்யாணத்தன்னைக்குப் படத்தையும் என்னையும் பக்கத்துல வச்சு, ஒத்து வரலன்னு சொன்னா, என்னைய எந்த அண்டாவுல போட்டு வேக வைப்பீங்க?"

நான் வெட்கப்பட்டேன். சேலையைப் பற்றி ஒரு வாரம் தூக்கம் கெட்டவன், இதைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்ததில்லை. நிறம் தெரியாதது கமராவுக்கு மட்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"கைய இப்படி மேசையில வைங்க" என்றேன்.

அவள் முன்கையை வெளிச்சத்தில் வைத்தாள். நான் அந்த நிறம் கபிலம் என்றுதான் தொடங்கினேன். இல்லை. அதற்குள் சிவப்பு இருந்தது, ஊதா இருந்தது, முழங்கைப் பக்கம் கொஞ்சம் நீலம்கூட இருந்தது. ஐந்து தடவை கலந்து ஐந்து தடவையும் கொட்டினேன். ஆறாவது தடவை கையையும் சாயத்தையும் பார்த்துவிட்டு அவளே "ம்" என்றாள். முதலாளி காட்டிய அந்தப் பழுப்புப் படத்திலேயே முகத்துக்கும் கைக்கும் மட்டும் அதைப் பூசினேன். சேலையைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் தாயார் எங்களைத் தடுக்கவும் இல்லை, எங்கள் பக்கம் திரும்பவும் இல்லை. படம் காய்ந்த பிறகு சட்டம் போட்டு வைக்கிறோம், மாப்பிள்ளை வீட்டில் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று பேச்சாயிற்று.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையே வந்தார். முதலாளி இருட்டறையில் இருந்தார். நான் படத்தைக் காகிதத்திலிருந்து பிரித்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் யோசித்தேன். ஒரு வாரமாக எல்லோரும் பாடுபட்டு ஒட்ட வைத்த கல்யாணத்தை நான் மறுபடியும் உடைக்கிறேனோ என்னவோ. பச்சைச் சேலைக்கே பரிசத்தை மறக்கப் பார்த்தவர்கள். முகத்துக்கு என்ன செய்வார்கள்?

அவர் படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். கீழே வீதியில் ஒரு வண்டி போய், இன்னொரு வண்டியும் போயிற்று.

"நேர்ல இப்படித்தான் இருக்காங்களா?"

"ஆமாங்க. கையப் பக்கத்துல வச்சுப் பாத்துத்தான் கலந்தேன்."

"முந்தின படத்துல பூசுனது?"

"அது குப்பிலயே இருக்கிற சாயம். எல்லாருக்கும் பூசுறது."

அவர் திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார். "போன மாசம் நானும் இங்கதான் படம் புடிச்சேன் நானா. பரிசத்தோட அனுப்பி வச்சாங்க. அது ஹேவாஹெட்டயில அவங்க வீட்டுல தொங்குது. எனக்கும் அந்தக் குப்பிதானே?"

அப்போதுதான் நான் அவரை நன்றாகப் பார்த்தேன். நெற்றி, மூக்கு, காது, எல்லாம் கறுப்பு.

"நானும் ஒரு மாசமா அதே நெனப்புலதான் கெடக்கேன். மாலையோட போயி எறங்குற அன்னைக்கு, அந்தப் படத்துல இருக்கிற மாப்பிள்ளை எங்கன்னு அந்தப் புள்ள கேட்டா நான் என்னா சொல்றது?"

சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, அவர் மேசைக்கு முன்னாலிருந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவளுக்குக் கலந்த சாயம் ஒரு தட்டில் காய்ந்துபோய்க் கிடந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேறு எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.